பரிசோதனை மேசையில் ஒரு தகப்பன்

1. வராமல் போனவர்கள்

அந்தச் சனிக்கிழமை காலை, சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் பள்ளி விளையாட்டு மண்டபத்தின் கதவு திறப்பதற்கு முன்பே என் கைப்பேசிக்குச் செய்தி வந்துவிட்டது. அனுப்பியது ஒரு நிறுவனத்தின் சமூக சேவைக் குழு. ரோபோக்களைப் பரிசோதிக்க நான்கு பொறியாளர்களை அனுப்புகிறோம் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பயிற்சிக்கும் வந்து குழுப்படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இப்போது ஒரே வரி: அலுவலகத்தில் அவசர வேலை, நால்வரும் வர இயலாது, வருந்துகிறோம். கடைசியில் கைகூப்பும் பொம்மை ஒன்று.

மண்டபத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளி மாணவர்களின் ரோபோ போட்டிகளுக்குத் தொண்டூழியர்களைச் சேர்த்து, பழக்கி, ஆளுக்கொரு இடத்தில் நிறுத்துவது என் தொழில். எங்கள் அலுவலகம் லிட்டில் இந்தியாவில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. போட்டியைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணுக்கு ரோபோவும் பிள்ளைகளும்தான் படுவார்கள். வாசலில் பேட்ஜ் கொடுப்பவர், அணிகளைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்துபவர், ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் ரோபோக்கள் எடுத்துப் போடும் வளையங்களைப் பழைய இடத்தில் அடுக்குபவர், புள்ளி பதிபவர், நடுவர் என்று ஒரு படையே பின்னால் வேலை செய்யும். அதில் மற்ற இடங்களில் ஆள் குறைந்தால் சமாளித்துக்கொள்ளலாம். பரிசோதகர் குறைந்தால் ஆட்டமே தொடங்காது.

ஏனென்றால் இன்ஸ்பெக்ஷனில் பாஸ் ஆகாத ரோபோ ஃபீல்டில் இறங்க முடியாது. சைசிங் பாக்ஸ் என்று ஒன்று வைத்திருப்போம். அடிப்பாகம் இல்லாத பிளாஸ்டிக் பெட்டி. அதை மேலிருந்து கவிழ்த்தால் ரோபோ சுவரில் இடிக்காமல் உள்ளே அடங்க வேண்டும். அதன் பிறகு பேட்டரி ஆடாமல் இருக்கிறதா, வயர் தொங்குகிறதா, கையைக் கிழிக்கும் முனை ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும்.

"ரெஜினாக்கா, நானும் ரெண்டு ஸ்டூடண்ட்ஸும் மட்டும் எப்படிப் பாக்கிறது? வெளிய லைன் நிக்குது, பாத்தீங்களா?" என்றாள் நஸ்ரின். பலதுறைத் தொழிற்கல்லூரி விரிவுரையாளர். பல வருடங்களாக எங்களுக்குத் தலைமைப் பரிசோதகர் அவள்தான். பதறாத பெண். அன்று அவள் குரலே மாறியிருந்தது.

"இரு, ஆள் புடிச்சுட்டு வர்றேன்" என்று எழுந்தேன்.

2. டார்ச் லைட் வைத்திருந்தவர்

பிடோக்கில் ஒரு தேவாலயத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு குழு எங்களுக்கு உதவிக்கு வரும். சாப்பாடு பொட்டலம் கொடுப்பது, பெற்றோரை மாடி இருக்கைகளுக்கு வழிகாட்டுவது போன்ற வேலைகளை அவர்களுக்குக் கொடுப்பேன். அந்தத் தேவாலயத்தில் ஒருவர் பெயர்களைச் சேர்த்து அனுப்பிவிடுவார். தனித்தனியாக எனக்கு அவர்களைத் தெரியாது.

பீ ஹூன் நூடுல்ஸ் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்த அவர்களிடம் போய், "யாருக்காவது மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் வேலை தெரியுமா?" என்று கேட்டேன்.

எல்லாரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். ஒல்லியான உடம்பு, மழித்த முகம். பெயர் அந்தோணி.

"சாங்கி ஏர்போர்ட்ல வேலக்கா. ஏர்கிராஃப்ட் மெயின்டனன்ஸ்" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ரோபோ இன்ஸ்பெக்ஷன் பண்ணுவீங்களா? இன்னிக்கு மட்டும். என்ன பாக்கணும்னு நஸ்ரின் சொல்லித் தருவாங்க."

அவர் மண்டபத்தின் மறுபக்கம், அணிகள் ரோபோக்களை வைத்து வேலை செய்யும் பிட் பகுதியைப் பார்த்தார்.

"உங்க பிள்ளைங்க யாரும் காம்பெட்டிஷன்ல இல்லல்ல?" என்றேன். பரிசோதகர், நடுவர் இருவரிடமும் தவறாமல் கேட்கும் கேள்வி இது.

"அதெல்லாம் ஒண்ணும் பிரச்சன வராதுக்கா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் அதை 'இல்லை' என்றே எடுத்துக்கொண்டேன். நான் அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் அவரும் சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மேசைக்குப் போன கொஞ்ச நேரத்தில் அவர் வேலையைப் பார்த்து அசந்துவிட்டேன். பாக்கெட்டிலிருந்து சின்ன டார்ச் லைட் ஒன்றை எடுத்து, குனிந்து, ரோபோவின் அடிவயிறுவரை வெளிச்சம் காட்டிப் பார்த்தார். குறை இருந்தால் மொத்தத்தையும் ஒரே தடவையில் சொன்னார். அதோடு விடவில்லை, சரிசெய்யும் வழியையும் சொன்னார். ஒரு தொடக்கப்பள்ளி அணியின் ரோபோவுக்குக் கை தொய்ந்து பெட்டிச் சுவரில் உரசியது. பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. "ஒரு ரப்பர் பேண்ட் போட்டு இழுத்துக் கட்டுங்க, நிக்கும். இங்கயே கட்டுங்க, நான் வெயிட் பண்றேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, வயர் கட்டும் கேபிள் டையும் எடுத்துக் கொடுத்து, அங்கேயே பாஸ் போட்டு அனுப்பினார். வரிசை மளமளவென்று குறைந்தது. நஸ்ரின் தூரத்திலிருந்து எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

வராத நால்வரை நான் மறந்தே போனேன்.

3. மூன்றாவது தடவை

முதல் சுற்று தொடங்கும் நேரத்தில் ஓர் ஆசிரியர் என்னைத் தேடி வேகமாக வந்தார். மிஸ்டர் லிம். ஒரு பெண்கள் பள்ளி அணிக்குப் பயிற்சியாளர். அமைதியான மனிதர். அன்று அவர் காது மடல்கள் சிவந்திருந்தன.

"உங்கள் பரிசோதகருக்கு என் மாணவிகள் மேல் என்ன கோபம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "முதல் தடவை கை உரசுகிறது என்று திருப்பி அனுப்பினார். சரிசெய்து கொண்டுபோனார்கள். இப்போது ஒரு முனை கூராக இருக்கிறது என்று மறுபடி அனுப்பிவிட்டார். அது முதலிலேயே இருந்ததுதானே? ஏன் அப்போதே சொல்லவில்லை? அவர்களுடைய மேட்ச்சைக் கூப்பிட்டுவிட்டார்கள்!"

ஏதோ சின்னக் குழப்பம் என்று நினைத்துக்கொண்டு அவருடன் போனேன்.

கருநீல டி-ஷர்ட் போட்ட நான்கு பெண்கள் அந்தோணியின் மேசையைச் சுற்றி நின்றார்கள். ரோபோவைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வருவது அது மூன்றாவது தடவை. கண்ணாடி போட்ட ஒரு பெண் கையில் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்திருந்தாள். அந்தோணி பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார், சரியாக இருந்தது. முனையைத் தடவிப் பார்த்தார். அரம் போட்டு மழுங்கடித்திருந்தார்கள். பிறகு டார்ச்சை அடித்துப் பின்பக்கம் வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வயர் லூஸா இருக்கு. கட்டிட்டு வாங்க" என்றார் ஆங்கிலத்தில்.

அணிகளை அழைக்கும் தொண்டூழியர் அவர்கள் எண்ணைச் சொல்லி, "கடைசி அழைப்பு!" என்று கத்தினார்.

"இங்கயே கட்டிடறோம் அங்கிள், கேபிள் டை குடுங்க" என்று ஒரு பெண் கெஞ்சினாள். கேபிள் டை டப்பா அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"பிட்டுக்குப் போய்க் கட்டிட்டு வாங்க. நெக்ஸ்ட் டீம்."

கண்ணாடி போட்ட பெண் ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்தாள். அதுவரை அவள் வாயைத் திறக்கவே இல்லை. குரல் உடைந்து, தமிழில் சொன்னாள்:

"அப்பா, ப்ளீஸ்லா."

மிஸ்டர் லிமுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சிங்கப்பூரில் 'அப்பா' என்ற சொல் யாருக்குத்தான் தெரியாது? அவர் என்னைப் பார்த்தார், அந்தோணியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். மற்ற மூன்று பெண்களும் வாய் பிளந்து நின்றார்கள். அவர்களுக்கும் அந்த நொடி வரை தெரிந்திருக்கவில்லை.

அந்தோணி தலையைத் தூக்கவில்லை.

"கட்டிட்டு வா ஷெரின்" என்றார்.

ஒலிபெருக்கியில் அந்த அணி வரவில்லை என்று அறிவித்தார்கள். அவர்களுடன் ஜோடி சேர்ந்து ஆட வேண்டிய அணி தனியாக நிற்க, மேட்ச் தொடங்கியது. பெண்கள் நால்வரும் ரோபோவை நடுவில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

4. மாடிப்படியில்

நான் அந்தோணியை எழுந்திருக்கச் சொன்னேன். என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது. அந்த அணியின் ரோபோவை நஸ்ரினிடம் ஒப்படைத்துவிட்டு, அவரை மாடிப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"உங்க பொண்ணு இருக்குன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா வேற ஆள் இல்லாம நீங்க கஷ்டப்படுவீங்க. என்னால ஃபேரா பண்ண முடியும்னு நெனச்சேன்க்கா."

"இதுவா ஃபேர்?"

அவர் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "நாளைக்கு யாராச்சும் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாதுக்கா. இன்ஸ்பெக்ஷன்ல அப்பன் உக்காந்திருந்தான், அதான் பாஸ் ஆச்சுன்னு. அந்தப் பேரு அவளுக்கு வரக் கூடாது. எங்க ஹேங்கர்ல ஒரு போல்ட் டைட் பண்ணாகூட இன்னொருத்தர் செக் பண்ணி ஸைன் போடுவாங்க. நாங்க அப்படிப் பழகினவங்க."

நான் இன்னும் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். கண்டிப்பானவர், பழக்கதோஷம், மற்ற அணிகளிடமும் இப்படித்தான் இருந்திருப்பார், நான் கவனிக்கவில்லை என்று மனம் சமாதானம் தேடியது. அதனால் கேட்டேன்.

"அந்த மாதிரி வயர் லூஸா இருந்த டீம வேற யாரையாவது திருப்பி அனுப்புனீங்களா?"

"இல்லக்கா."

"என்ன பண்ணீங்க?"

"அங்கயே கட்டச் சொன்னேன். ஒரு டீமுக்கு நானே கட்டி விட்டேன்."

"கை உரசுனா?"

"ரப்பர் பேண்ட் போடச் சொன்னேன்."

"அப்ப இது மட்டும் ஏன்?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். என்னிடம் எதையும் மறைக்கும் எண்ணம் அந்த முகத்தில் இல்லை. "இது என் பொண்ணுதுக்கா" என்றார்.

தெரியாமல் செய்திருப்பார் என்று நினைத்திருந்தேன். தெரிந்தே செய்திருக்கிறார். அதையும் நேர்மை என்றே நினைத்துச் செய்திருக்கிறார். தன் பிள்ளைக்குச் சலுகை காட்டும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புள்ளி மேசைக்கு வந்து மிரட்டியவர்கள், பிட் பகுதிக்குள் நுழைந்து தாங்களே ஸ்க்ரூ முடுக்கியவர்கள், ஒரு மணி நேரம் அழுதவர்கள். அவர்களைக் கையாளத் தெரியும். இப்படி ஒருவரைப் பார்த்தது அதுவே முதல் தடவை.

நஸ்ரின் படியோரமாக வந்து நின்றாள். "பாஸ் போட்டுட்டேன்க்கா. அந்த வயர ஒரு புள்ள நின்ன நிலையிலயே கட்டிருச்சு. உண்மைய சொல்லட்டா? அது அப்படியே விட்டிருந்தாகூட நான் பாஸ் போட்டிருப்பேன்."

அந்தோணி படியில் உட்கார்ந்தார். பிறகு, "நான் வீட்டுக்குப் போயிடறேன்க்கா" என்றார்.

"எங்கயும் போகக் கூடாது. அந்த இன்ஸ்பெக்டர் வெஸ்ட்ட கழட்டிக் குடுத்துட்டு மேல கேலரில போய் உக்காருங்க. உங்க பொண்ணு ஆடறதப் பாருங்க."

5. ஒவ்வொரு ரோபோவாக

அதற்குள் செய்தி மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. மகளை வேண்டுமென்றே நிறுத்திவைத்தவர் என்று ஒரு பக்கம் பேச்சு. அவர் பரிசோதித்த மற்ற ரோபோக்களை எப்படி நம்புவது என்று இன்னொரு பக்கம் பேச்சு. ஒரு பயிற்சியாளர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "சொந்த மகளிடமே இப்படி என்றால் எங்களுக்கு என்ன செய்தாரோ?"

தலைமை நடுவரிடம் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தவறிய மேட்ச்சைத் திரும்ப ஆட வைக்க இடமில்லை, இன்னோர் அணி ஏற்கெனவே தனியாக ஆடித் தோற்றுவிட்டது, அதை அழித்தால் அடுத்து எத்தனை மேட்ச்சை அழிக்க வேண்டியிருக்கும் என்று கேட்டார். அந்தப் பெண்களுக்கு முதல் மேட்ச்சில் சைபர்தான். மிஸ்டர் லிம் எழுத்து மூலம் ஆட்சேபம் தந்தார். அதற்கும் அதே பதில் கிடைத்தது.

சாப்பாட்டு இடைவேளையில் நஸ்ரின், அந்தோணி பாஸ் போட்ட எல்லா ரோபோக்களையும் மறுபடி மேசைக்கு வரவழைத்தாள். பயிற்சியாளர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் சாப்பிடவில்லை. எங்காவது ஒரு தப்பு கிடைத்துவிட்டால் அந்த நாளே பாழ், இத்தனை பிள்ளைகளின் உழைப்பும் பாழ் என்று பயந்துகொண்டே ஒவ்வொரு ரோபோவாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு தப்பும் இல்லை. கடைசி ரோபோவைப் பார்த்துவிட்டு நஸ்ரின் கையுறையைக் கழற்றினாள்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கரெக்டா பண்ணிருக்காரு" என்றாள்.

6. பிட் பகுதியில்

கருநீல அணி அதன் பிறகு ஆடிய ஆட்டத்தை இன்னும் மறக்க முடியவில்லை. ஷெரின்தான் ரோபோவை ஓட்டினாள். கண்ட்ரோலரைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கம். மீதமிருந்த மேட்ச்களில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் வென்றார்கள். நான் நடுநடுவே மாடியைப் பார்த்தேன். எல்லாப் பெற்றோரும் கைதட்டினார்கள். அந்தோணி மட்டும் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தரவரிசை திரையில் வந்தது. அடுத்த சுற்றுக்குத் தேர்வான கடைசி அணிக்கு அடுத்த இடத்தில் அவர்கள் இருந்தார்கள். முதல் மேட்ச்சில் ஆடியிருந்தால், தோற்றிருந்தாலும், எடுத்த புள்ளியைக் கொண்டே உள்ளே வந்திருப்பார்கள். மூன்று பெண்கள் அழுதார்கள். ஷெரின் அழவில்லை. பேட்டரியைக் கழற்றி, வயர்களைச் சுருட்டி, ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தோணி இறங்கி வந்தார். தனியாகப் போனால் என்ன ஆகுமோ என்று பயந்து நானும் கூடவே போனேன்.

"ஷெரின்" என்றார்.

அவள் நிமிரவில்லை. "காலைல அந்த ப்ரைமரி ஸ்கூல் டீம் எங்களுக்கு முன்னாடி நின்னாங்க. அவங்கள அங்கயே ரப்பர் பேண்ட் கட்ட விட்டீங்க. நான் பாத்தேன்."

"ம்."

"நான் வேற யாரோட பொண்ணாவாவது இருந்திருந்தா அப்பவே பாஸ் ஆகியிருப்பேன்பா."

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். ஓர் எளிய கணக்கைச் சொல்வதுபோல் சொன்னாள். எனக்கே நெஞ்சில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தோணி மற்ற மூன்று பெண்கள் பக்கம் திரும்பினார். பெட்டியைத் தூக்கப் போன மிஸ்டர் லிமும் நின்றுவிட்டார்.

"கேர்ள்ஸ்," என்றார் அந்தோணி. ஆங்கிலத்தில் தடுமாறித் தடுமாறிப் பேசினார். "உங்க ரோபோ காலையில முதல் தடவையே சரியா இருந்திருக்கும், நான் அஞ்சு நிமிஷம் குடுத்திருந்தா. மத்தவங்களுக்குக் குடுத்தேன், உங்களுக்குக் குடுக்கல. தப்பு ரோபோவுல இல்ல, உங்ககிட்ட இல்ல. என்கிட்ட. ஷெரினுக்கு இதுல எந்தப் பங்கும் இல்ல. அவ மேல கோபப்படாதீங்க. ஸாரி."

பதினைந்து வயதுப் பெண்களுக்கு ஒரு பெரியவர் இப்படிப் பேசினால் எங்கே பார்ப்பது என்று தெரியாது. ஒருத்தி காலணியைப் பார்த்தாள். இன்னொருத்தி, "இட்ஸ் ஓகே அங்கிள்" என்று முணுமுணுத்தாள். மூன்றாவது பெண், "இட்ஸ் நாட் ஓகே. ஆனா தேங்க் யூ ஃபார் சேயிங்" என்றாள். அதைக் கேட்டதும்தான் ஷெரின் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். அந்த மூன்று பேரும் அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அந்தோணி ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார். நான் அவர் கையில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தேன்.

7. இப்போது எப்படிக் கேட்கிறேன்

பத்து நாள் கழித்து அந்தோணி அலுவலகத்துக்கு போன் செய்தார். மகள் பேசுகிறாளா என்றுதான் முதலில் கேட்டேன்.

"பேசறாக்கா. ஒரு வாரம் 'யெஸ்', 'நோ' மட்டும்தான். நேத்து சாப்பிடும்போது கேட்டா, 'அந்த ஆர்ம் தொங்காம இருக்க எப்படிப் பண்ணலாம்'னு. சொல்ல ஆரம்பிச்சேன். 'எல்லாக் குறையையும் மொத்தமா சொல்லுங்க, பிச்சிப் பிச்சிச் சொல்லாதீங்க'ன்னுட்டா." அவர் சிரிக்க முயன்றார். "அடுத்த வருஷம் எனக்கு என்ன வேல குடுத்தாலும் செய்றேன்க்கா. அவ இருக்கற எடத்துல மட்டும் வேண்டாம்."

தன் பிள்ளை போட்டியிடும் இடத்தில் தகப்பனோ தாயோ தீர்ப்புச் சொல்லும் வேலையில் இருக்கக் கூடாது என்ற விதியை நான் எத்தனையோ பயிற்சிகளில் சொல்லியிருக்கிறேன். அது மற்ற பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்கான விதி என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளையையும் அது காப்பாற்றுகிறது என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. பாரபட்சம் என்றால் சலுகை காட்டுவது மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன். கூடுதலாக இறுக்கிப் பிடிப்பதும் அதே பாரபட்சம்தான். பிடிக்கிறவருக்கே அது பாரபட்சம் என்று தெரியாமல் போவதால் இன்னும் மோசம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆள் எவ்வளவு குறைந்தாலும் சரி, வரிசை எவ்வளவு நீண்டாலும் சரி, அந்தக் கேள்விக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற பதில் வரும்வரை விடாதீர்கள். "பிரச்சனை வராது" என்பது பதில் அல்ல. பயிற்சியில் எப்போதும் ஒருவராவது எழுந்து, "என் புள்ள இருந்தாலும் நான் எல்லாருக்கும் ஃபேரா இருப்பேன் மேடம்" என்பார். நல்ல மனிதராகத்தான் இருப்பார்.

அவரிடம் நான் வாதாடுவதில்லை. "இருப்பீங்க. உங்க புள்ளகிட்டயும் ஃபேரா இருப்பீங்களா?" என்று மட்டும் கேட்பேன்.

பெரும்பாலும் அவர் மெதுவாக உட்கார்ந்துவிடுவார்.